திருப்பி வச்ச செங்கல்

ஜாடியை அப்புறம் தூக்கலாம் மாப்ள. அது எங்கேயும் ஓடிடாது. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். பக்கத்துல இருக்கறதை இழுத்துப் போட்டுக்குங்க.

கதவைச் சாத்திடுங்க. ஏனா? சாத்துங்க. உங்க அத்தைக்குக் காது நீளம்.

கையில என்ன கட்டு?

இஸ்திரிப் பெட்டியா. சரி.

இல்ல, சும்மா கேட்டேன். மாமனார் ஒரு வார்த்தை விசாரிச்சா முகம் ஏன் அப்படிப் போகுது? இஸ்திரிப் பெட்டி சுட்டா விரல் மேல்பக்கம் சுடும். கட்டு விலகின இடத்துல தெரியுது, உங்களுக்கு உள்பக்கம். எல்லா விரலும் ஒரே கோட்டுல. எதையோ அழுத்திப் பிடிச்ச மாதிரி. உங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி எப்படிப்பட்டதோ, எனக்கென்ன தெரியும்.

டீ வரும். அவசரப்படாதீங்க. அவசரம்னு ஒருத்தன் ஏற்கனவே இருக்கான், ஊருக்கு அவன் ஒருத்தன் போதும்.

யாரு போன்ல? என் மகளா? எடுக்காதீங்க. அடிக்கட்டும். இங்கதான் இருக்கீங்கன்னு அவளுக்குத் தெரியும். ஜாடி தூக்க வரச் சொல்லியிருக்கேன்னும் தெரியும். அப்புறம் என்ன? அப்பா என்ன கேக்கறாருன்னு தெரிஞ்சுக்கணுமா?

இல்லையில்ல? அப்ப பையில போடுங்க.

சாயங்காலம் கூட்டம், தெரியுமில்ல. சூளைக்காரங்க எல்லாரும் உக்காந்து அவசரத்தைச் சூளையை விட்டு எடுக்கப் போறாங்க. ஒரு வருஷம் அவன் அந்தச் சூளையில ஒரு கப்புகூடச் சுட முடியாது. விஷயம் உங்களுக்கு முழுசாத் தெரியாதே. தெரியுமா? எவ்வளவு தெரியும்? சொல்லுங்க, கேப்போம்.

சரி விடுங்க. நானே சொல்றேன்.

அந்தச் சூளை ஒருத்தர் சொத்து இல்ல. எல்லாரும் சேர்ந்து கட்டினது. விறகு எல்லாரும் பிளக்கணும். சாமான் எல்லாரும் வைக்கலாம். ஆளுக்கு இவ்வளவு இடம்னு கணக்கு. சுட்டு முடிச்சதும் வாயை அடைச்சுட்டு ஆற விடணும். தானா ஆறணும். கை வச்சா ஜில்லுனு இருக்கணும், அப்பதான் திறக்கலாம். அதுக்கு முன்னாடி எவன் திறக்கறானோ அவனுக்கு ஒரு வருஷம் இடம் கிடையாது. இது சட்டம். சட்டம் போட்டது நான்.

சிரிக்காதீங்க. நான் போடலைன்னா யார் போடுவா? எல்லாரும் அடுப்புல கத்திரிக்கா சுடற மாதிரி நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்பானுங்க.

வாசல்னா கதவு இல்ல அதுக்கு. நீங்கதான் பார்த்தீங்களே. ஒவ்வொரு தடவையும் செங்கலைக் கையால அடுக்கணும். வெளியே மண்ணைக் குழைச்சுப் பூசணும். அந்தச் செங்கலுக்கு உள்முகம் ஒண்ணு இருக்கு, வெளிமுகம் ஒண்ணு இருக்கு. உள்ள அடிக்கிற சோடா உப்பு பட்டுப் பட்டு உள்முகம் கண்ணாடி ஊத்தின மாதிரி பளபளங்கும். வெளிமுகம் வெறும் செங்கல். எந்த முகம் எந்தப் பக்கம்னு சூளைக்காரனுக்குச் சொல்லவே வேணாம். சட்டையை உள்வெளியாப் போட்டுக்கிட்டுத் தெருவுக்கு வருவானா எவனாவது?

சாமானை இறக்கற அன்னிக்கு நான்தான் முதல்ல போனேன். கையால தடவினேன். மண்ணு ஈரம். சுட்டு ஆறின சூளையில மண்ணு எப்படிங்க ஈரமா இருக்கும்? சுரண்டினேன். ஒரு செங்கல் பளபளன்னு என்னைப் பார்த்துச் சிரிக்குது. வெளியே திரும்பி.

யாரோ முந்தின நாளே பிரிச்சிருக்கான். உள்ளே கை விட்டிருக்கான். அவசர அவசரமா அடுக்கிட்டு மண்ணைப் பூசிட்டுப் போயிருக்கான்.

பிரிச்சா என்னவா? நல்லாக் கேட்டீங்க. உள்ள சூடு. வெளியே குளிர்காத்து. வாசல்கிட்ட இருக்கற சாமான்ல அந்தக் காத்து போய் அடிச்சா டிங்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். அது போச்சு. தையக்காரம்மாவோட பெரிய தட்டு வாசல்கிட்டதான் இருந்துச்சு. இந்தா, இந்த மேஜை அகலம். அந்தம்மா தையக் கடையைச் சாத்திட்டு வந்து வந்து உக்காந்து, ஒரு மழைக்காலம் பூரா பண்ணினது. நாலு தட்டு உடைச்சுட்டு அஞ்சாவது சரியா வந்துச்சு. அது குறுக்கால விரிசல். அந்தம்மா அழலை. அழுதிருந்தாப் பரவாயில்லை. தட்டை மடியில வச்சுக்கிட்டு விரிசலை விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க, துணில பிரிஞ்ச தையலைப் பார்க்கற மாதிரி.

ஏன் தலையைக் குனியறீங்க? உங்க தட்டா அது?

நீங்க அந்த நாள் சூளைப் பக்கமே போகலையா. அப்படியா. மாப்ள, நான் உங்களைக் கேக்கவே இல்லையே. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு ஒருத்தன் சொன்னானாம். சரி, சரி. போகலை. நம்பறேன். குடிங்க, தண்ணி அந்தச் சொம்புல இருக்கு.

எல்லாரும் ஒரே வாயா அவசரம்னாங்க. ஏன்னு கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. போன வருஷம் கிண்ணத்தைப் பார்க்கறேன்னு சூளைப் பொந்துல எட்டிப் பார்த்துப் புருவத்தைப் பொசுக்கிக்கிட்ட ஆளு. பஸ் ஓட்டினப்பவே ஸ்டாப்புல ஆள் ஏறி முடிக்கறதுக்குள்ள எடுத்துடுவான்னு பேரு. அவசரம்னு பட்டம் வச்சதே நான். முதல்ல நானும் அவன்தான்னு நினைச்சேன். நேரா அவன் வீட்டுக்கே போனேன். டேய், கையைக் காட்றான்னேன். காட்டினான். கையில ஒண்ணுமில்ல. நான் திறக்கலைண்ணே, எங்கம்மா மேல சத்தியம்ணேன்னான். அவன் சத்தியத்தை நான் நம்பலை. கையை நம்பினேன்.

மத்தவங்களுக்கெல்லாம் அந்தச் சூளை பொழுதுபோக்கு. அவனுக்கு அப்படியில்ல. பஸ்ஸை விட்டதுக்கு அப்புறம் கப்பும் கூஜாவும் வித்துதான் சாப்பிடறான். ஒரு வருஷம் சூளை இல்லைன்னா அவன் என்ன செய்வான்? அதைத்தான் நான் உங்ககிட்டக் கேக்கறேன். என்ன செய்வான், சொல்லுங்க.

வேற சூளையா? எங்க இருக்கு? கொண்டாங்க பார்ப்போம்.

சரி. அவன் இல்ல. அப்ப யாரு? தையக்காரம்மாவையே சந்தேகப்பட்டேன். ஆமா. ஏன் கூடாது? சூளைக் கொட்டகைச் சாவி அவங்க பொறுப்பு. சொந்தத் தட்டைப் பார்க்க ஆசைப்பட்டுத் திறந்து, சொந்தத் தட்டையே உடைச்சுக்கிட்டு, ஊர் மேல பழி போடலாம். நடக்காததா? அப்புறம் யோசிச்சேன். சாவி தண்ணி டிரம்முக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. எல்லாருக்கும் தெரியும். அதுவும் போச்சு.

உங்க அத்தையையும் சந்தேகப்பட்டேன். சிரிங்க, சிரிங்க. இந்த ரூம்ல மண் மூட்டை வச்சிருக்கேன் பாருங்க, அந்தச் சாம்பல் மண்ணு. அது குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா. முதல்ல எலின்னு நினைச்சேன், ஆனா எலி மண்ணு தின்னாது. என்னடின்னு கேட்டா எனக்கென்ன தெரியும்னா. அவ எனக்கென்ன தெரியும்னு சொன்னா எல்லாம் தெரியும்னு அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஆனா அவளுக்குச் சூளையில என்ன வேலை? அதான் புரியலை. மண்ணு ஒரு பக்கம் குறையுது. செங்கல் ஒரு பக்கம் திரும்பியிருக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை.

அப்பதான் அதே சூளையில சுட்ட என்னோட இந்த ஜாடியைப் பார்த்தேன்.

எழுந்திரிங்க. இங்க வாங்க. ஜன்னல் பக்கமா திருப்புங்க. பார்த்து, பார்த்து. இடுப்பைப் பிடிச்சுத் திருப்பணும், கழுத்தைப் பிடிக்கக் கூடாது. ஆங். இப்பப் பாருங்க. என்ன தெரியுது?

அழகா இருக்கா. அழகை யாரு கேட்டா?

இந்தப் பக்கம் பளபளன்னு, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கில்ல? தொட்டுப் பாருங்க. கட்டில்லாத கையால. இப்ப இந்தப் பக்கம் தொடுங்க. சொரசொரன்னு இருக்கா? நிறமும் மங்கல். காய்ஞ்ச பிஸ்கட் மாதிரி. ஏன்?

தெரியாது. உங்களுக்குத் தெரியாது. அதான் சொல்றேன், தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டீங்க.

என்ன செஞ்சேன்னு கேக்கறீங்களா? இருங்க. வருவேன்.

மத்த சூளையில மெருகைச் சாமான் மேல பூசி வைப்பான். எங்க சூளையில உள்பக்கம் மட்டும்தான் மெருகு ஊத்துவோம். வெளியே நாங்க பூசறதில்ல. தீதான் பூசும். விறகைப் போட்டுப் போட்டு, உள்ளே இருக்கறதெல்லாம் வெள்ளையாக் காய்ஞ்சு நிக்கறப்ப, சோடாவை வெந்நீர்ல கரைச்சு, செடிக்கு மருந்தடிக்கிற குழாய் இருக்கில்ல, அதால பொந்து வழியா அடிப்போம். புஸ்ஸுன்னு ஆவியாயிடும். தீ எந்தப் பக்கம் ஓடுதோ ஆவியும் அந்தப் பக்கம் ஓடும். எந்தச் சாமான் மேல படுதோ அது மேல கண்ணாடியாப் படியும். படாத இடம் வெறும் இடம். அவ்வளவுதான் வித்தை.

அப்ப ஒரு சாமானுக்குப் பக்கத்துல இன்னொரு சாமான் நின்னா? மழையில குடை பிடிச்ச மாதிரி. முன்னாடி நிக்கறது நனையும். பின்னாடி நிக்கறது மேல அதோட நிழல் விழும். தீயில விழுந்த நிழல் மாப்ள, வெயில்ல விழுந்தது இல்ல. வெயில் நிழல் சாயங்காலம் போயிடும். இது போகாது. சாமான் உடையற வரைக்கும் பக்கத்துல யார் நின்னான்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.

இப்பத் திரும்பப் பாருங்க. சொரசொரப்பு எப்படி முடியுது? ஓரத்தை விரலால போய்ட்டே வாங்க. கீழ குறுகலா ஆரம்பிக்குது. அகலமாகுது. இங்க ஒரு வளைவு, தோள். அப்புறம் கழுத்து, சின்னதா. வாய் கொஞ்சம் விரிஞ்சிருக்கு. இந்த ஓரத்துல ஒரு காது. கைப்பிடி. ஒரே ஒரு கைப்பிடி, என் ஜாடிப் பக்கமாத் திரும்பாம சூளை வாசல் பக்கமாத் திரும்பியிருக்கு. அது என்ன?

கூஜா. சின்னக் கூஜா. சரியாச் சொன்னீங்க. ரொம்பச் சீக்கிரமாச் சொன்னீங்க. எனக்கே கொஞ்ச நேரம் ஆச்சு.

இறக்கற அன்னிக்கு நான் வாசல்ல உக்காந்திருந்தேன். என்னிக்கும் அப்படித்தான். ஒவ்வொரு சாமானும் என் கைக்குத்தான் வரும். யாரோடதுன்னு சத்தமாச் சொல்லி அவங்கவங்க கோணி மேல வைப்பேன். எனக்குத் தெரியாம அந்தச் சூளையிலேருந்து ஒரு மூடிகூட வெளியே போகாது. அன்னிக்கு இந்தச் சின்னக் கூஜா வரலை. அவசரத்தோட கூஜாவெல்லாம் பெருசு, அதுவும் பின்னாடி வரிசையில இருந்துச்சு. இருந்தாலும் விடலை. ஒவ்வொண்ணாக் கொண்டாந்து இந்த நிழல் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். எதுவும் பொருந்தலை. எல்லாரும் இந்தாளுக்குப் பைத்தியமான்னு பார்த்தாங்க. பார்த்துட்டுப் போகட்டும்.

சூளைக்குள்ள சாமான் அடுக்கற கல்பலகையையும் போய்ப் பார்த்தேன். தவழ்ந்து போனேன், இந்த முழங்காலை வச்சுக்கிட்டு. என் ஜாடி நின்ன இடத்துல வட்டமா வெளுப்பு. சாமான் நின்ன இடத்துல சோடா படியாதில்ல. அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு வட்டம். சின்னது. கப்பு அளவு. சாமான் ஒட்டிக்காம இருக்க அடியில மண் உருண்டை வைப்போமே, அதுல ஒண்ணு அங்கேயே கிடந்துச்சு. சாமானைக் காணோம், உருண்டை மட்டும் காத்துக்கிட்டு இருக்கு.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம் மாப்ள. சூளையில மறைக்க முடியாது.

அப்ப, அந்த ஜாடியை அந்த இடத்துல வச்சது யாரு? உள்ள புகுந்து அடுக்கினது யாரு? எனக்கு முழங்கால் மடங்கலைன்னதும், நான் அடுக்கறேன் மாமா, நீங்க வெளியே உக்காந்து சொல்லுங்கன்னு ஓடி வந்தது யாரு? கல்யாணம் ஆனதுலேருந்து அந்தச் சூளைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆளு. தும்மல் வரும், புகை ஒத்துக்காதும்பீங்க. அன்னிக்கு மட்டும் தும்மவே இல்ல. மாமனார் மேல பாசம்னு நினைச்சு உங்க அத்தைகிட்டப் பெருமையாச் சொன்னேன் வேற. அவ அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கிட்டா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

பேசாதீங்க. இன்னும் முடியலை.

இறக்கறதுக்கு முந்தின நாள் மத்தியானம் உங்களைச் சூளைக்குப் போற சந்துல பார்த்ததா பால்காரர் சொன்னார். சாமான் கடைக்குப் போனேன்னு வீட்ல சொல்லியிருக்கீங்க. அந்தச் சந்துல சாமான் கடை கிடையாது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுது. என் மகளை விட்டுட்டு வேற எங்கேயோ போறீங்கன்னு நினைச்சேன். ரெண்டு ராத்திரி தூங்கலை. அதுவா இருந்திருந்தா இப்படி ஸ்டூல் போட்டு உக்கார வச்சுப் பேசிக்கிட்டு இருப்பேன்னு நினைக்கறீங்களா? விறகுக் கட்டை எடுத்திருப்பேன்.

கோபப்படாதீங்க. நினைச்சேன், அவ்வளவுதான். நினைக்கறதுக்கு வரியா கட்டணும்?

இப்பச் சொல்லுங்க. இஸ்திரிப் பெட்டியா, செங்கல்லா?

ம்.

கையுறை போட்டுக்கக் கூடாது? துணியைச் சுத்திக்கிட்டீங்களா. துணி எதுக்கு ஆகும்? அது தோசைக் கல்லுன்னு நினைச்சீங்களா? களிம்பு போட்டீங்களா? போட்டாளா. சரி.

டிங்னு சத்தம் கேட்டுச்சா?

கேட்டுச்சா. என்னன்னு தெரியலை உங்களுக்கு. அதுதான் அந்தத் தட்டு. போகட்டும். இப்பத் தெரிஞ்சுதில்ல. தெரிஞ்சா போதும்.

இல்ல, இருங்க, எதுக்கு ஒளிக்கணும்? அதைச் சொல்லுங்க முதல்ல. இறக்கற அன்னிக்குக் கூஜா வந்திருந்தா நான் கையில வாங்கிக் கோணியில வச்சிருப்பேன். யாரோடதுன்னு கேட்டிருப்பேன். என் மகளோடதுன்னு சொன்னா என்ன? தலையையா வாங்கிடுவேன்?

நான் என்ன சொன்னேன் அவளை?

ஓ, அதுவா. அதை இன்னும் வச்சுக்கிட்டு இருக்காளா? கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது. ஒரு கிண்ணம் பண்ணிக் கொண்டாந்தா. சூளை வாசல்ல எல்லார் முன்னாடியும் காட்டினா. இதுல நாய்கூடத் தண்ணி குடிக்காதுன்னேன். சொன்னேன்தான். இல்லைங்கலையே. கிண்ணம் கோணல். கோணலைக் கோணல்னு சொல்லாம வேற என்ன சொல்றது? அவசரத்தோட முதல் கப்பைப் பார்த்து இதைவிட மோசமாச் சொன்னேன். அவன் சிரிச்சுட்டு அடுத்த கப்பு பண்ணினான். இவ எழுந்து போனா. அதோட மண்ணைத் தொடலை.

தொட்டாளா. எப்ப?

இந்த ரூம்லயா? நான் விறகு பிளக்கப் போற நாளெல்லாமா? உங்க அத்தை வாசல்ல காவல். அட. அதான் மூட்டை குறைஞ்சுது. எலின்னேன் நான். ஒரு பொறிகூட வாங்கி வச்சேன், அதோ இருக்கு பாருங்க. அதைத் தாண்டித் தாண்டிதான் போய் மண்ணு எடுத்திருக்கா. பார்த்துச் சிரிச்சிருப்பாங்க ரெண்டு பேரும். வீடே எனக்கு எதிரா ஒரு கட்சி.

திரும்ப அடிக்குதா? அடிக்கட்டும். இன்னும் ஒண்ணு கேக்கணும். இதுக்கு யோசிக்காம பதில் சொல்லுங்க.

கூஜாவை எங்க வைக்கறதுன்னு நீங்களா முடிவு பண்ணீங்களா, அவ சொன்னாளா?

வாசல் ஓரமா வைக்கணும், எடுக்க வசதின்னு நீங்க சொன்னீங்க. சரி. என் ஜாடிக்கு இவ்வளவு பக்கத்துல? வாசல் ஓரத்துல இடம் எவ்வளவோ இருந்துச்சே. உள்ள தவழ்ந்து போனப்பப் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி வச்சிருக்கலாம். தள்ளி வச்சிருந்தா நிழலே விழுந்திருக்காது. எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது.

அவ சொன்னாளா. என்னன்னு சொன்னா? அப்படியே சொல்லுங்க, மாத்தாம.

அப்பா ஜாடிக்குப் பக்கத்துல, ஒரு விரல் இடம் விட்டு.

ஒரு விரலா.

கைப்பிடி வாசல் பக்கம் இருக்கட்டும்னும் அவதான் சொன்னாளா? எடுக்க வசதின்னு சொன்னாளாக்கும். வசதி. கைப்பிடியைப் பிடிச்சா சூடான சாமானை எடுப்பாங்க? பக்கவாட்டுல திரும்பினாதான் கைப்பிடி நிழல்ல விழும். நேரா இருந்தா வெறும் குடம் மாதிரிதான் தெரியும்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியாது மாப்ள. அவளுக்குத் தெரியும். பாவாடை கட்டின வயசுலேருந்து அந்தச் சூளை வாசல்ல வளர்ந்தவ. எது பக்கத்துல எது நின்னா எங்க நிழல் விழும்னு தூக்கத்துல சொல்லுவா. உங்ககிட்ட ஒளிச்சு எடுத்துட்டு வரச் சொல்லிட்டு, என்கிட்ட எழுதி வச்சுட்டுப் போயிருக்கா. உங்க விரல்தான் வெந்துச்சு.

நீங்க ரொம்ப நல்லவர்தான். அதான் உங்களுக்குக் கட்டிக் கொடுத்தேன். ஆனா அவ என் மக. எதையும் சும்மா சொல்ல மாட்டா.

இந்தத் தோள் இருக்கு பாருங்க. விரலால போங்க. எங்கேயும் தட்டாது. வயித்துலேருந்து கழுத்துக்குத் திரும்பற இடம். அங்கதான் எல்லாரும் சறுக்குவான். ஒண்ணு தொங்கிடும், இல்ல முதுகு கூனிடும். இது ரெண்டும் இல்ல. நிழலைத்தான் பார்க்கறேன், சாமானைப் பார்க்கலை. நிழலை வச்சு முடிவா ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அதைக் கொண்டாரச் சொல்லுங்க. பக்கத்துல வச்சுப் பொருத்திப் பார்த்தாதான் நம்புவேன்.

எங்க எழுந்துட்டீங்க?

கூட்டத்துக்கா? போய் நான்தான் திறந்தேன்னு சொல்லப் போறீங்களா. தையக்காரம்மா கால்ல விழப் போறீங்களா. அவசரத்துக்காக. நல்ல மனசு. உக்காருங்க.

உக்காருங்கன்னா. நீங்க போய் உண்மையைச் சொன்னா எதுக்குத் திறந்தீங்கன்னு கேப்பாங்க. கூஜான்னு சொல்லணும். யாரோடதுன்னு கேப்பாங்க. எல்லார் முன்னாடியும் அவ பேரைச் சொல்லணும். அந்த வாசல்லேருந்து அவ இன்னொரு தரம் எழுந்து போகணுமா?

வேலை மெனக்கெட்டு அங்க போனாலும் யாரும் இருக்க மாட்டாங்க. கூட்டம் காலைலயே முடிஞ்சுது. சாயங்காலம்னு உங்க அத்தைகிட்டச் சொல்லி வச்சேன். அவ மககிட்டச் சொல்லுவா, மக உங்ககிட்டச் சொல்லுவா. எவ்வளவு நேரத்துல சுத்தி வருதுன்னு பார்த்தேன். நான் பல் விளக்கி முடிக்கறதுக்குள்ள வந்துடுச்சு.

அவசரத்துக்கு ஒண்ணும் ஆகலை. அவன் இடம் அவனுக்கு இருக்கு. காலையில விசில் அடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனான், வழியில என்னைப் பார்த்து, என்னண்ணே அவசரம் உங்களுக்குன்னான். ஊரே சிரிச்சுது.

ஆமா. நான்தான் திறந்தேன்னு சொன்னேன். என் ஜாடியைப் பார்க்கப் பொறுமை இல்லாம பிரிச்சுட்டேன், முழங்கால் வலியில செங்கலை மாத்தி வச்சுட்டேன்னு.

கொஞ்சமாவது சந்தேகப்படுவாங்கன்னு எதிர்பார்த்தேன் மாப்ள. சட்டம் போட்டவன். ஒரு வாட்டிகூட மீறாதவன். நீங்களா, இருக்காதேன்னு ஒருத்தனாவது சொல்லணுமில்ல? ஒருத்தனும் சொல்லலை. அப்படியா, சரின்னுட்டாங்க. தையக்காரம்மா மட்டும் என்னை ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தாங்க. அப்புறம் அவங்களும், ஆமா, உங்களுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மிதான்னாங்க. இத்தனை வருஷமா என்னைப் பத்தி என்னதான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க? அதை நினைச்சாதான் வயிறு எரியுது.

அவங்களுக்கு இன்னொரு தட்டுக்கு மண்ணு நான் பக்குவம் பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். விறகு பிளக்க ஆள் வேணும்னாங்க. என் மாப்பிள்ளை வருவார்னுட்டேன். கை ஆறினதும் போங்க. தும்மாம பிளங்க.

எனக்குத் தடை ஒரு வருஷம்தான். பார்க்கலாம். வெளியே உக்காந்து சாமானை வாங்கி வைக்கறதுக்குத் தடை இல்ல, சட்டத்துல அதைச் சேர்க்க மறந்துட்டேன். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. சூளையில இடம் காலியாக் கிடக்கக் கூடாது. பாதிச் சூளைக்கும் விறகு அதேதான், தீயும் கன்னாபின்னான்னு ஓடும். என் இடத்துல யாரு வைப்பாங்கன்னு தையக்காரம்மா கேட்டாங்க. என் வீட்ல ஒரு ஆள் இருக்குன்னேன். யாருன்னாங்க. சாமான் வரும்போது பார்த்துக்குங்கன்னேன்.

அடிக்குது பாருங்க திரும்ப. இவளுக்கு மட்டும் பொறுமை எங்கேருந்து வரும்.

இப்ப எடுங்க. நான் பேசலை, நீங்களே பேசுங்க. அப்பா திட்டினாரான்னு கேப்பா, திட்டினார்னே சொல்லுங்க. சொல்லிட்டு, அடுத்த சூளைக்கு எத்தனை சாமான் வச்சிருக்கான்னு கேளுங்க. ஒரு பலகை நிறையணும். நல்லாக் காய்ஞ்சிருக்கணும், ஈரத்தோட கொண்டாந்தா வெளியே தூக்கி வச்சுடுவேன், மகள்னெல்லாம் பார்க்க மாட்டேன்.

எத்தனையாம்?